தேறாதவள்

அந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளை எல்லோரும் "உள்ரூம் அக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். கடையின் முன்பக்கம் விளக்கும் சிரிப்புமாக இருக்கும். பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்துவது அங்கே அவள் வேலை. சுவரில் இருந்த ஒரு துவாரம் வழியாகத் தட்டு உள்ளே வரும். அதில் ஃபிரேமும் லென்ஸும் பவர் எழுதிய சீட்டும் இருக்கும். முடித்ததும் அதே வழியாகத் தட்டை வெளியே தள்ளுவாள். இயந்திரம் ஓடினால் தண்ணீர் பீய்ச்சும், வெள்ளைச் சேறு வழியும், பல் கூசும்படி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் அவளிடம் பேச வருகிறவர்களும் கையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

வீட்டிலும் பேச்சுக்கு ஆள் இல்லை. அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுக்க அவள்தான் பார்த்துக்கொண்டாள். கல்யாணம் என்கிற பேச்சு அந்த வருஷங்களோடு போயிற்று. பிறகு அம்மாவும் போனாள். வேறு ஊரில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "சாப்டியாக்கா? உடம்பு நல்லாருக்கா? சரி, அப்ப வெச்சிடட்டுமா?" மூன்று கேள்விக்கும் சேர்த்து அவள் ஒரே "ம்" சொல்வாள். அதற்கு மேல் அன்றைக்கு வாயைத் திறக்க வேலை இருக்காது. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது குரல் துருப்பிடித்த கதவு மாதிரி கிரீச்சிடும். கண்டக்டர் "எங்கம்மா?" என்று இரண்டாம் தரம் கேட்பார்.

கடை முதலாளி இன்னொரு கிளை திறக்கத் தீர்மானித்தபோதுதான் வினை வந்தது. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கும் பெண்களுக்கும் லென்ஸ் வேலையை அவள் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தார்.

"சொல்லும்மா. நீ பண்றதத்தானே சொல்லப் போற."

அவள் ஒரு லென்ஸைக் கையில் எடுத்து, "இது..." என்றாள். அத்தனை கண்களும் அவள் மேல் இருந்தன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "இது வந்து..." கை வெடவெடவென்று நடுங்கியது. லென்ஸ் நழுவி உருண்டு கண்ணாடி அலமாரிக்கு அடியில் போயிற்று. அவள் மண்டியிட்டுக் குனிந்து தேடினாள். லென்ஸ் உடனே கிடைத்துவிட்டது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. கையில் அதை மூடிப் பிடித்துக்கொண்டு, தூசியைப் பார்த்தபடி அப்படியே குனிந்திருந்தாள். மேலே யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். "சரி, போதும். போய்க் கடையைத் திறங்க" என்று முதலாளி சொல்லி, காலடிச் சத்தங்கள் கலைந்த பிறகுதான் எழுந்தாள்.

முதலாளி திட்டவில்லை. "வாயுள்ள பிள்ளை பொழைக்கும்பாங்க. உனக்குக் கைதான் இருக்கு, வாய் இல்லையேம்மா" என்றார். அவருடைய மருமகனுக்கும் இதே கோளாறு இருந்ததாம். ஒரு பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போனானாம், இப்போது வாயை மூடச் சொன்னால்தான் கஷ்டமாம். முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வகுப்பு, ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு மேலே, செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்னால் கை வைத்துப் பேச ஒட்டுப்பலகையில் செய்த நெஞ்சுயரப் பேச்சு மேடை, சுவரில் ஆள் உயரக் கண்ணாடி. பயிற்சியாளர் அவளை விட வயதில் சின்னவர். பகலில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிறவர். டை கட்டியிருப்பார், டையின் முனை எப்போதும் சட்டைப் பைக்குள் இருக்கும்.

"பயம் போகணும்னு வராதீங்க. பயம் எனக்கும் இருக்கு. மொத வாக்கியத்த மட்டும் தயார் பண்ணிட்டு வாங்க, மிச்சம் அதுக்குப் பின்னாடி வந்துரும். எல்லாரையும் பாக்காதீங்க, ஒரே ஒருத்தரப் பாத்துப் பேசுங்க. அப்புறம், கை நடுங்குச்சுன்னா மேடையைப் பிடிச்சுக்காதீங்க. அது ஒட்டுப்பலகை, உங்களோட சேந்து அதுவும் நடுங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் முறை வந்தபோது மேடையைத்தான் பிடித்துக்கொண்டாள். அது கடகடவென்று ஆடியது. "வணக்கம்" என்றாள். பிறகு ஒன்றும் வரவில்லை.

"பரவாயில்ல மேடம். இன்னைக்குக் காலைலேருந்து என்ன பாத்தீங்க, அதச் சொல்லுங்க போதும்."

"கண்ணாடி" என்றாள்.

அதற்கும் சிரிப்பு எழுந்தது. ஆனால் அலமாரிக்கடியில் கேட்ட சிரிப்பு இல்லை இது. அன்று மதியம் தட்டில் வந்த ஒரு சின்ன ஃபிரேமைப் பற்றி அவள் சொல்ல ஆரம்பித்தாள். குழந்தைக்கானது. ஆனால் லென்ஸ் சோடா பாட்டில் அடி மாதிரி கனம். இத்தனை கனம் அந்தச் சின்ன மூக்கை அழுத்துமே என்று, விளிம்பு மெலிவதற்காக மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் வியர்த்துக் கொட்டியது.

வகுப்பில் ஒரு விதி உண்டு. ஒருவர் பேசி முடித்தால், கேட்டவர்களில் ஒருவராவது கேள்வி கேட்டே ஆக வேண்டும். பின்வரிசையில் இருந்த வங்கிக்காரர் எழுந்தார். "அந்தக் கொழந்த கண்ணாடி போட்டுப் பாத்துச்சா? என்ன சொல்லிச்சு?"

"தெரியலைங்க. நான் உள்ள இருக்கேன். மொகம் பாக்க மாட்டேன்."

"ஐயோ, பாத்திருக்கலாமே" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தாள். தான் சொன்ன ஒன்றை இன்னொருவர் காதில் வாங்கி, அதற்கு மேலும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

அதற்குப் பிறகு செவ்வாயும் வியாழனும்தான் அவளுக்கு வாரமாக இருந்தது. மற்ற நாட்களில் பார்த்ததையெல்லாம் அந்த இரண்டு நாளுக்காகச் சேர்த்து வைத்தாள். மாடிப்படியில் குட்டி போட்ட பூனை, அம்மாவின் புடவைகளை யாருக்கும் கொடுக்க மனசு வராமல் மறுபடி மடித்து வைத்தது, எல்லாம் பேச்சாயிற்று. யாராவது ஒருவர் எழுந்து, "அப்புறம்?" என்று கேட்டார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு வியாழக்கிழமை, அந்த வங்கிக்காரர் தேறிவிட்டார். தேறியவர்களுக்குப் பயிற்சியாளர் ஒரு சின்ன விழா வைப்பார். அவர்கள் கடைசியாக ஒரு நன்றியுரை பேசுவார்கள், எல்லோரும் கை தட்டுவார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள். "இனி நீங்க இங்க வர வேண்டிய அவசியமில்ல சார். போய் உலகத்துக்கிட்ட பேசுங்க" என்பார் பயிற்சியாளர். வங்கிக்காரர் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து, "கண்டிப்பா வந்து பாக்கறேன்" என்று சொல்லிக் கிளம்பினார். அவருக்கு முன்னால் தேறிப் போனவர்களும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். யாரும் வந்ததில்லை. வருவதற்கு என்ன இருக்கிறது? ஜுரம் விட்டவன் ஆஸ்பத்திரிக்கு ஏன் வரப் போகிறான்?

அடுத்து அவள் முறை. மேடைக்குப் பின்னால் போய் நின்றாள். முதல் வாக்கியத்தைச் சொன்னாள், அடுத்ததும் தானாக வந்தது. தற்செயலாகக் குனிந்து பார்த்தால், கை சும்மா இருந்தது. துளி நடுக்கம் இல்லை.

அவளுக்குத் திக்கென்றது. வங்கிக்காரர் உட்கார்ந்திருந்த காலி நாற்காலி எதிரே இருந்தது. ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் பாதி வார்த்தையில் நிறுத்தினாள். கையை மேடை மேல் வைத்து மெல்ல ஆட்டினாள். ஒட்டுப்பலகை கடகடத்தது.

"பரவாயில்ல மேடம், பரவாயில்ல. மூச்ச இழுத்து விடுங்க" என்றார் பயிற்சியாளர்.

அப்படித்தான் அது தொடங்கியது. நடுங்குவது அவளுக்குத் தெரிந்த வேலைதான்; இத்தனை நாள் நிஜமாகச் செய்ததை இப்போது தெரிந்து செய்தாள். எங்கே திக்க வேண்டும், எப்போது தண்ணீர் டம்ளரைத் தேட வேண்டும் என்பதெல்லாம் கைவந்துவிட்டது. புதியவர்கள் வந்தார்கள், தேறினார்கள், பிஸ்கட் தின்றார்கள், போனார்கள். அவள் மட்டும் முன்வரிசை ஓரத்து நாற்காலியில் இருந்தாள்.

கடையில் முதலாளி கேட்டார். "என்னம்மா, தேறிட்டியா?"

"இன்னும் இல்லைங்க."

அவர் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கிளையில் பயிற்சி கொடுக்கும் வேலையைக் கவுண்டரில் இருந்த இன்னொருவருக்குக் கொடுத்தார். கிளைப் பொறுப்பாளர் பதவியும் அவருக்கே போயிற்று. அவள் இயந்திரத்தை ஓட விட்டாள்.

பாவம், பயிற்சியாளர்தான் இளைத்துப் போனார். எங்கெங்கோ படித்து வந்து புதுப்புது உபாயம் சொன்னார். ஒருநாள் எல்லோரும் போன பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், தப்பு எங்கிட்டயா? நான் யாரையும் பாதியில விட்டதில்ல. உங்ககிட்ட மட்டும் என் வித்த பலிக்கலையே." அவர் டையைப் பைக்குள்ளிருந்து எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. "நான்தான் மந்தம் சார்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில் ஒரு புதுப் பெண் வந்தாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் வைக்கும் பிரிவில் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் 'பொத்தான்'தான். "பேருதான்க்கா பொத்தான். வாயத் தொறந்தா பொத்தான் அறுந்த பை மாதிரி எல்லாம் கொட்டிரும்" என்று தன்னையே சொல்லிச் சிரித்தாள். அந்த வாய்க்காகவே பிரிவுப் பெண்கள் அவளைத் தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே வேலை. வெயிலில் பெண்கள் மயங்கி விழுந்தார்கள். நான்கு பெரிய மின்விசிறிகளும், குடிக்கத் தண்ணீரும், நடுவில் கொஞ்சம் ஓய்வும் கேட்க வேண்டும். அடுத்த மாதம் நிர்வாகத்தோடு கூட்டம்.

"மிஷின் சத்தத்துல எவ்ளோ வேணா கத்துவேன்க்கா. ஆனா அந்த ரூம்ல, நீட்டு மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜருங்க வரிசையா உக்காந்து ஒருத்தரும் வாயத் தொறக்காமப் பாக்கறாங்க பாருங்க, அப்பிடியே கெணத்துல போட்ட கல்லாட்டம் ஆயிடறேன்."

வகுப்பில் பொத்தான் பேச எழுந்தால் கழுத்தெல்லாம் சிவந்துவிடும். இவளைப் போலவே அவளும் மேடையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார்கள். வகுப்பு முடிந்ததும் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடையில் டீ குடித்தார்கள். பொத்தான் தன் வீட்டுக்காரர் விட்டுப் போனதைப் பற்றி, அழாமல், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "நீங்க இருக்கறதாலதான்க்கா நான் வர்றேன். என்ன மாதிரியே இன்னொருத்தி நடுங்கறாங்கன்னு பாத்தா ஒரு தெம்பு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொத்தான் அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். சமையலறைப் பாத்திரங்களையெல்லாம் எடுத்துக் கட்டில் மேல் வரிசையாக வைத்தாள்.

"இந்தக் குக்கர்தான் ஜெனரல் மேனேஜர். எப்பப் பாத்தாலும் உஸ்ஸு உஸ்ஸுன்னுவார். இந்த டம்ளரு பர்சனல் ஆபீசர். கரண்டி, கணக்குப் பாக்கறவரு. ம், நீங்க மொதல்ல பேசுங்கக்கா."

குக்கரின் முன்னால் நின்று அவள் பேசினாள். பொத்தானுக்குத் துணையாக இருக்கட்டும் என்று அங்கேயும் வேண்டுமென்றே திக்கினாள். பொத்தான் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பொத்தான் பேசினாள், இவள் சிரித்தாள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் இரண்டு குரல் சேர்ந்து கேட்டது அன்றுதான். பொத்தான் கிளம்பிப் போன பிறகும் வெகுநேரம் அவள் பாத்திரங்களைக் கட்டிலிலிருந்து எடுக்கவில்லை.

கூட்டத்துக்கு நாள் நெருங்கியது. பொத்தானுக்கு ஒன்றும் சரியாக வரவில்லை. ஒரு வியாழக்கிழமை பாதியில் நிறுத்தி, மேடையை விட்டு விலகி வந்துவிட்டாள். டீக்கடையில் டம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வேற யாருக்காவது இந்தப் பொறுப்பக் குடுத்துடப் போறேன்க்கா. செவ்வாக்கெழம வந்து சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு நின்னுக்கறேன்."

"ஏன், இன்னும் நாள் இருக்கே. வந்துரும்."

"எங்க வரும்? உங்களையே பாருங்க. எத்தன பேரு வந்து தேறிப் போயிட்டாங்கன்னு நீங்களே சொன்னீங்க. நீங்க இன்னும் அதே நாற்காலி. உங்களுக்கே வரலன்னா எனக்கு எங்கக்கா வரப் போகுது?"

"நீ வேற, நான் வேற."

"என்ன வேற? ரெண்டு பேரும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க" என்றாள் பொத்தான். கேலியாகச் சொல்லவில்லை, பாசமாகத்தான் சொன்னாள். அதுதான் அவளைக் குத்தியது.

செவ்வாய்க்கிழமை வரை அவள் யாரிடமும் பேசவில்லை. வழக்கம்தான், ஆனால் இந்த முறை உள்ளே ஓயாமல் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தட்டுகள் வந்தன, போயின. ஒரு லென்ஸைத் தேவைக்கு மேல் தேய்த்து வீணாக்கினாள். அவள் கையில் வேலை வீணானது அபூர்வம்.

வகுப்பு தொடங்கியதும் அவளே எழுந்தாள். "சார், இன்னைக்கு நான் மொதல்ல பேசலாமா?" பயிற்சியாளருக்கு ஆச்சரியம். மேடைக்குப் பக்கத்தில் போய், அதைத் தொடாமல் நின்றாள். பொத்தானை மட்டும் பார்த்தாள்.

"என் கை நடுங்கறது நின்னு ரொம்ப நாளாச்சு. போன மழைக்காலத்துலேயே நின்னுருச்சு. அப்புறம் நீங்க பாத்ததெல்லாம் நானா ஆட்டினது. தேறிட்டா இங்கேருந்து போகச் சொல்லுவீங்க. எனக்குப் போறதுக்கு வேற எடம் இல்ல. வீட்டுல யாரும் இல்ல. கடையில சத்தம். நான் ஒண்ணு சொன்னா, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்கறதுக்கு இங்கதான் ஆள் இருந்தீங்க. சார், உங்க வித்த பலிச்சிருச்சு. மொதல் வாக்கியம், ஒருத்தரப் பாத்துப் பேசறது, எல்லாமே பலிச்சுது. நான்தான் உங்கள ஏமாத்தினேன். இப்ப ஏன் சொல்றேன்னா, ஒருத்தி என்னப் பாத்துட்டு, தனக்கு வராதுன்னு நெனச்சுட்டா. அவளுக்கு வரும். எனக்கே வந்துச்சு."

குரல் ஒரு இடத்தில் கூடப் பிசிறவில்லை. விதிப்படி யாராவது கேள்வி கேட்க வேண்டும். யாரும் எழுந்திருக்கவில்லை. பயிற்சியாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொத்தான்தான் எழுந்தாள். "அன்னைக்கு ஞாயித்துக்கெழம, குக்கர் முன்னாடி திக்கினீங்களே. அதுவுமா?"

அவள் சொன்னாள். "ஆமா."

பொத்தான் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள்.

அன்று பிஸ்கட் இல்லை. பயிற்சியாளர் வாசல் வரை வந்தார். "நல்லாப் பேசினீங்க மேடம்" என்றார். பிறகு உள்ளே போனார். அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். எதிரே டீக்கடையில் யாரோ இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மறுநாள் முதலாளியிடம் போய், தேறிவிட்டதாகச் சொன்னாள். "இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும். கிளைக்குத்தான் ஆள் போட்டாச்சேம்மா" என்றார். அவள் நகரவில்லை. "அப்ப சாயங்காலம் ரெண்டு மணி நேரம் என்ன முன்னாடி கவுண்டர்ல விடுங்க. ஃபிரேம் அளவு நானே எடுக்கறேன்." அவள் இவ்வளவு நீளமாகக் கேட்டு அவர் பார்த்ததில்லை. சரி என்றார்.

கவுண்டரில் அவள் நன்றாகவே செய்தாள். வாடிக்கையாளர்களிடம் கண்ணை எப்படிச் சுருக்குகிறீர்கள், எவ்வளவு தூரத்தில் வைத்துப் படிக்கிறீர்கள் என்று விசாரித்தாள். அவர்களும் பதில் சொன்னார்கள், ஃபிரேமை வாங்கிக்கொண்டு போனார்கள். கடையில் வேலை செய்கிற பெண்கள் "உள்ரூம் அக்கா வெளிய வந்துட்டாங்கப்பா" என்று கிண்டல் செய்தார்கள். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் கஷ்டப்பட்டாள்.

கோடை முடிவதற்குள் ஒருநாள் ஒரு பெண் கடைக்கு வந்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. "பொத்தான் அனுப்பிச்சா. ஊசியில நூல் கோக்க முடியலன்னேன், இங்க போன்னா."

அவளுக்கு ஃபிரேமை எடுத்த கை நின்றது. "கூட்டம் என்ன ஆச்சு? பேசினாளா?"

"பேசாம? கையில இருந்த பேப்பரு படபடன்னு அடிச்சுக்குது, கழுத்தெல்லாம் செவந்துபோச்சு, ஆனா நிறுத்தலையே. ஒண்ணு விடாமக் கேட்டுட்டுத்தான் உக்காந்தா. நாலு ஃபேன் கேட்டோம், ரெண்டு வந்திருக்கு. ஓய்வு பத்தி அடுத்த கூட்டத்துல பேசறாங்களாம்."

"நடுங்கிக்கிட்டேவா பேசினா?"

"ஆமா. நடுங்கினா என்ன, பேச்சு வந்துச்சில்ல?"

அவள் அந்தப் பெண்ணின் மூக்கு அகலத்தை அளந்தாள். பிறகு கேட்டாள். "என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

அந்தப் பெண் யோசித்தாள். "கண்ணாடி நல்லாப் போட்டுக் குடுப்பீங்கன்னா."

அந்த வார முடிவில் அவள் தொழிற்சாலை வாசலுக்குப் போனாள். ஷிஃப்ட் முடிந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் இப்போது அவளால் பேச முடியும். ஆனால் இந்த ஒருத்தியிடம் சொல்ல முதல் வாக்கியம் கிடைக்கவில்லை. பொத்தான் நான்கைந்து பேரோடு சிரித்துக்கொண்டே வந்தாள். இவளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டுக் கிட்டே வந்தாள்.

"என்னக்கா இந்தப் பக்கம்?"

"உன்னப் பாக்கத்தான்."

"ம்."

"பேசினியாமே."

"பேசினேன்." பொத்தான் பையின் வாரை முறுக்கினாள். "எனக்கு இன்னும் கோவம் இருக்குக்கா. அன்னைக்கு எங்கூட சேந்து நடுங்கறீங்கன்னு நெனச்சேன். நான் மட்டும்தான் நடுங்கியிருக்கேன்."

"தப்புதான்."

"அப்புறம் வகுப்புல சார் கேட்டதுக்கு என்ன சொன்னேன் தெரியுமா? அந்தக்காவப் பாத்துத்தான் பேச வந்துச்சுன்னேன். அதுவும் நெசம்தான். என்ன பண்றது."

பஸ் வந்து நின்றது. பொத்தான் ஓடிப் போய் ஏறிக்கொண்டாள். பஸ் நகரும்போது ஜன்னலில் தலை நீட்டி, சத்தமாகச் சொன்னாள். "செவ்வாக்கெழமேலேருந்து எனக்குக் காலை ஷிஃப்ட்! சாயங்காலம் வீட்லதான்!"

அது அழைப்பா, போகிற போக்கில் சொன்ன தகவலா என்று அவளுக்குப் புரியவில்லை. கூட்டம் கலைந்து, காவலாளி பெரிய கதவை இழுத்துச் சாத்தும் வரை அங்கேயே நின்றாள். திங்கட்கிழமை காலை கடைக்குப் போனதும், மறுநாள் அரைநாள் விடுப்பு வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டாள்.